பாயின்டில் நின்றுவிடும் ஷண்டிங் எஞ்சின்: மோட்டாரை மாற்றும் முன்

நண்பருக்கு வணக்கம். உங்கள் மாதிரி ரயிலின் ஓஓ அளவு கிளாஸ் 08 எஞ்சின் (பெட்டிகளை இடம் மாற்றும் ஷண்டிங் எஞ்சின்) மெதுவாகச் செல்லும்போது பாயின்டுகளின் (ரயில் ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடங்களின்) மேல் நின்றுவிடுவதாகவும், கரகரவென ஒலிப்பதாகவும், ஆகவே மோட்டாரை மாற்ற எண்ணுவதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

ஆறே சக்கரங்கள் கொண்ட குட்டையான எஞ்சின் என்பதால், பாயின்டின் நடுவே தண்டவாளங்கள் கூடும் முனை பிளாஸ்டிக்காக இருந்தால், அதன்மேல் ஒரு சக்கரம் ஏறியிருக்கும் வேளையில் மற்றொன்றில் அழுக்குப் படிந்திருந்தாலே மின்சாரம் அறுந்துவிடலாம். முதலில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் சக்கரங்களைத் துடைத்து, மின்சாரம் எடுக்க அவற்றின் பின்புறத்தைத் தொடும் மெல்லிய உலோகத் தகடுகள் ஆறும் உண்மையில் தொடுகின்றனவா என்று பாருங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலான கோளாறுகள் இங்கேயே தீர்ந்துவிடுகின்றன. உப்புத்தாளால் தேய்க்கவே வேண்டாம், கீறல்களில் அழுக்கு விரைவாகச் சேரும். டிசிசி முறையில் (டிஜிட்டல் சமிக்ஞையால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் முறை) ஓட்டுகிறீர்கள் என்றால், அந்தச் சமிக்ஞையைப் படிக்கும் டிகோடருடன் இணைக்கும் மின்தேக்கி, மின்சாரம் நொடிநேரம் அறுந்தாலும் எஞ்சினை ஓடவைக்கும் நல்ல துணை.

ஒலிக்குக் காரணம் பெரும்பாலும் உலர்ந்த கியர்களே. பிளாஸ்டிக்கைப் பாதிக்காத எண்ணெயை ஊசி முனையளவு இட்டு, சுமையின்றி இரு திசையிலும் அரைமணி நேரம் மிதமான வேகத்தில் ஓட்டுங்கள்.

அடுத்து வாங்கும்போது, எல்லாச் சக்கரங்களும் மின்சாரம் எடுப்பதும், சக்கரத்தில் பிடிப்புக்காக மாட்டும் ரப்பர் வளையம் இல்லாததும், ஓட்டத்தைச் சீராக்கும் ஃபிளைவீல் (சுழலும் கனச் சக்கரம்) உள்ளதுமான எஞ்சினையே தேர்ந்தெடுங்கள்; கடையிலேயே ஊர்ந்து செல்லும் வேகத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.