மூட்டு வலி மாத்திரை முதல் பழனி படி வரை: இதயச் செயலிழப்பு கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இதயச் செயலிழப்பு (ஹார்ட் ஃபெயிலியர், அதாவது இதயம் ரத்தத்தைத் தள்ளும் வலு குறைவது) பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கியிருக்கிறேன்.

அப்பாவுக்கு எக்கோ எடுத்ததில் ‘இஎஃப் 35%’ என்று வந்திருக்கிறது. இதயத்தில் 35 சதவீதம்தான் வேலை செய்கிறதா? – வாசகி, நாமக்கல்

இல்லை. நல்ல இதயத்துக்கும் இஎஃப் 100 வராது. இடது கீழறையில் நிறையும் ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எவ்வளவு வெளியே போகிறது என்பதுதான் அந்தக் கணக்கு. 55, 60 இருந்தாலே நார்மல். 35 குறைவுதான், ஆனால் மருந்துகளை உரிய அளவுக்கு ஏற்றி மூன்று மாதம் போல விடாமல் சாப்பிட்டு, மறு எக்கோவில் 45, 50 வந்தவர்கள் நிறையப் பேர். அப்போதும் 35-ஐத் தாண்டவில்லை என்றால் ஐசிடி கருவி (துடிப்பு ஆபத்தாகத் தடம் மாறினால் ஷாக் கொடுத்துச் சரிசெய்ய மார்பில் பொருத்துவது) தேவையா என்று டாக்டர் பேசுவார். அதுவரை எக்கோ ரிப்போர்ட்டையே பார்த்துக்கொண்டிருக்காமல் அப்பாவின் எடையைப் பாருங்கள். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், அதே மெஷினில். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை அல்ல, நீர். உடனே டாக்டருக்குச் சொல்லுங்கள்.

எனக்குச் சுகரே கிடையாது. டாபாகிளிஃப்ளோசின் எழுதியிருக்கிறார். மெடிக்கலில் ‘இது சுகர் மாத்திரை ஆச்சே’ என்கிறார்கள். – வாசகர், தஞ்சாவூர்

மெடிக்கலில் சொன்னது பழைய கதை. சுகர் இல்லாத இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கும் இது பலன் தருகிறது என்று 2019-லேயே நிரூபணமாகிவிட்டது. இதனால் மட்டும் உங்களுக்கு லோ-சுகர் ஆகாது. பிறப்புறுப்பில் அரிப்பு வந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், பூஞ்சைத் தொற்றாக இருக்கும். வாந்தி பேதி, சாப்பிட முடியாத நாள், ஆபரேஷன் என்றால் டாக்டரைக் கேட்டுத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும். காப்புரிமை முடிந்ததிலிருந்து விலையும் நன்றாக இறங்கிவிட்டது.

மூன்று மாத்திரை சாப்பிடுகிறேன். ஒன்று வெள்ளை, ஒன்று பாதி மஞ்சள், ஒன்று சின்னது. தலைசுற்றுகிறது. எதை நிறுத்தலாம்? – வாசகர், திண்டுக்கல்

நிறத்தை வைத்துச் சொல்ல எனக்கு ஜோசியம் தெரியாது. மாத்திரையின் பெயர் இல்லை, மில்லிகிராம் இல்லை, பிபி எவ்வளவு என்று இல்லை. இப்படி எழுதினால் யாராலும் பதில் சொல்ல முடியாது. நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். அதில் மெட்டோப்ரோலாலோ, கார்விடிலாலோ, பிசோப்ரோலாலோ இருந்து திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலைவிடப் பெரிய வம்பு வரும். உட்கார்ந்து ஒரு முறை, எழுந்து நின்று ஒரு முறை பிபி பார்த்துக் குறித்துக்கொண்டு, அட்டைகளோடு டாக்டரிடம் போங்கள். பெரும்பாலும் நேரத்தை மாற்றினாலோ நீர் மாத்திரையை (உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றுவது) கொஞ்சம் குறைத்தாலோ சரியாகிவிடும். அதைச் செய்ய வேண்டியவர் அவர்.

அம்மாவுக்கு 68 வயது. ஒரு வேளை மாத்திரைகூடத் தவறியதில்லை, உப்பும் குறைவு. ஆனாலும் போன மாதம் ஒரே வாரத்தில் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, அட்மிட் செய்யும்படி ஆகிவிட்டது. காரணமே புரியவில்லை. (மூட்டு வலிக்கு மட்டும் மெடிக்கலில் ஏதோ வாங்கிப் போட்டார்.) – வாசகி, விருதுநகர்

அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே, காரணம் அநேகமாக அதுதான். இதை எத்தனை முறை எழுதுவது?

டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், எட்டோரிகாக்சிப் எல்லாம் ஒரே குடும்பம். வலியைக் குறைக்கும்போதே புராஸ்டகிளாண்டின் என்ற பொருளை உடம்பில் உருவாகவிடாமல் தடுக்கின்றன. இதயம் பலவீனமானவர்களுக்குச் சிறுநீரகத்துக்கு ரத்தம் தடையில்லாமல் போவது பெருமளவு அதன் தயவில்தான். அது குறைந்ததும் உப்பும் நீரும் உடம்பில் தங்கும். ஃபுரோசமைடு, டோர்செமைடு போன்ற நீர் மாத்திரையின் வேலையும் மழுங்கிவிடும். அம்மா எனலாப்ரிலோ, சாக்குபிட்ரில்-வால்சார்டனோ, ஸ்பைரோனோலாக்டோனோ (எல்லாம் இதயச் செயலிழப்பு மருந்துகள்) சாப்பிடுபவர் என்றால் ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் தளர்வதைக் காட்டுவது) பொட்டாசியமும் (கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும்) சேர்ந்து ஏறும். ஒரு வாரம் போதும்.

டைக்ளோஃபினாக் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து. அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. ஆனால் நம் ஊரில் ‘முட்டி வலிண்ணே’ என்றால் போதும், நாலு மாத்திரையை வெட்டிக் காகிதத்தில் மடித்து ‘மூணு வேளைக்கு செட்’ என்று கொடுத்துவிடுகிறார்கள். அதில் வலி மாத்திரை ஒன்று, சில சமயம் ஸ்டீராய்டு ஒன்று. ஸ்டீராய்டும் நீரைத் தேக்கும். வெட்டிக் கொடுத்த மாத்திரையில் பெயர்கூட இருக்காது, அட்மிட் ஆன பிறகு எங்களுக்கும் என்ன போட்டார் என்று தெரியாது. விற்பவர் ‘ஹார்ட் பிரச்சினை இருக்கா’ என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை, வாங்குபவரும் சொல்வதில்லை. வலி மாத்திரையை மருந்துக் கணக்கிலேயே யாரும் சேர்ப்பதில்லை. நீங்களே அதைக் கடைசி வரியில்தான் எழுதியிருக்கிறீர்கள்.

வலிக்கு என்ன செய்வது? பாரசிட்டமால். அதுவும் தனியாக இருக்க வேண்டும். பாரசிட்டமாலோடு அசிக்ளோஃபினாக் சேர்த்த கூட்டு மாத்திரைகள் ஏராளம், அட்டையைத் திருப்பிப் படித்து வாங்குங்கள். தண்ணீரில் நுரைத்துக் கரையும் வகை வேண்டாம், அதில் சோடியம் அதிகம். முட்டிக்குப் பிசியோதெரபி, தொடைத் தசைப் பயிற்சி, வெந்நீர் ஒத்தடம். அதற்கும் அடங்கவில்லை என்றால் எலும்பு டாக்டரிடம் ‘எனக்கு இதயச் செயலிழப்பு இருக்கிறது’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சுகர் டாக்டரிடமும் அப்படித்தான், பயோகிளிட்டசோன் கலந்த சுகர் மாத்திரையும் இந்த நோயாளிகளுக்கு ஆகாது.

அம்மாவுக்குத் தினமும் காலையில் எடை பார்த்திருந்தால் கால் வீங்குவதற்கு முன்பே தெரிந்திருக்கும்.

இந்துப்பு சேர்க்கலாமா? லோ-சோடியம் உப்பு நல்லதா? – பலர்

இந்துப்பும் உப்புதான், சோடியம் அதிலும் கிட்டத்தட்ட அதே அளவு. லோ-சோடியம் உப்பில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுபவர்களுக்கும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் எளிதாக ஏறிவிடும், அவர்கள் அதன் பக்கம் போகவே வேண்டாம். இளநீரிலும் பொட்டாசியம் உண்டு, தினமும் குடிப்பது அவர்களுக்கு இதே காரணத்தால் ஆகாது. ஒரு நாளைக்கு மொத்தம் ஒரு டீஸ்பூன் உப்புக்குள் நிறுத்துங்கள். மொத்தம் என்றால் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் எல்லாம் சேர்த்து.

அம்லோடிபின் 10 மி.கி. சாப்பிடுகிறேன். சாயங்காலம் இரண்டு கணுக்காலும் வீங்குகிறது. மூச்சு வாங்கவில்லை, எடை ஏறவில்லை. ஹார்ட் ஃபெயிலியரா? – வாசகர், ஈரோடு

அந்த பிபி மாத்திரை அம்லோடிபினாகவே இருக்கலாம். டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைத்தோ மாற்றியோ கொடுப்பார். எடையையும் சேர்த்து எழுதிய ஒரே ஆள் நீங்கள்தான், நன்றி.

ஸ்பைரோனோலாக்டோன் ஆரம்பித்ததிலிருந்து மார்பு லேசாகப் பெருத்து வலிக்கிறது. ஆண்களுக்கு இப்படி வருமா? – பெயர் வேண்டாம்

வரும். அதே வகையில் இந்தத் தொல்லை குறைவான எப்லரினோனுக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

கிருத்திகைக்குப் பழனி போகிறோம். எனக்கு இஎஃப் 40. படி ஏறலாமா? பஸ்ஸில் போவதால் அன்றைக்கு நீர் மாத்திரையை விட்டுவிடலாமா? – வாசகர், மதுரை

வீட்டில் இரண்டு மாடி நிற்காமல் ஏற முடிகிறதா? முடியாது என்றால் யோசிக்கவே வேண்டாம், விஞ்ச் இருக்கிறது. முடிந்தாலும் அங்கே எழுநூறு படி போல வரும், அதனால் உங்கள் டாக்டர் சரி சொன்னால் மட்டும் ஏறுங்கள், வெயிலுக்கு முன் கிளம்பி, உட்கார்ந்து உட்கார்ந்து. நீர் மாத்திரையை விடாதீர்கள், நேரத்தை மட்டும் தள்ளிப் போடுங்கள். பழனி போய் இறங்கியதும் போட்டுக்கொண்டு, கழிப்பறை பக்கத்தில் இருக்கிற இடமாகப் பார்த்து இரண்டு மூன்று மணி நேரம் தங்கிவிட்டு அப்புறம் மலைக்குப் போகலாம். எப்படியும் சாயங்காலம் நாலு, அஞ்சு மணிக்குள் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் ராத்திரித் தூக்கம் போச்சு.