எஸ்எஸ்எச் ஏறவில்லையா? கேளுங்கள்

கேள்வி: பக்கத்து அறையில் இருக்கும் உபுண்டு (லினக்ஸ்) டெஸ்க்டாப்புக்கு எஸ்எஸ்எச் (வேறு கணினிக்குள் தொலைவிலிருந்து நுழையும் வழி) போட்டால் "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு" என்கிறது. ரவுட்டர் கோளாறா?

பதில்: ரவுட்டரை விட்டுவிடுங்கள். மறுப்பு உடனே வருகிறது என்றால் பெரும்பாலும் உங்கள் பாக்கெட் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது, எஸ்எஸ்எச்சுக்கான 22ஆம் போர்ட்டில்தான் (இணைப்பு நுழையும் வாசல் எண்) பதில் சொல்ல ஆள் இல்லை. உபுண்டு டெஸ்க்டாப்பில் கிளையன்ட் (இணைப்பு கேட்கும் நிரல்) மட்டும்தான் கூடவே வரும். இணைப்பை ஏற்கும் ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வரை நாம்தான் நிறுவ வேண்டும். வெகுநேரம் சும்மா இருந்துவிட்டு "டைம்டு அவுட்" வந்தால் கதை வேறு: ஐபி முகவரி தப்பு, அல்லது ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்குகிறது.

கேள்வி: பிங் போகிறதே, எஸ்எஸ்எச் ஏன் டைம் அவுட்?

பதில்: பிங் போவது ஐசிஎம்பி, எஸ்எஸ்எச் போவது டிசிபி, இரண்டும் வெவ்வேறு நெட்வொர்க் நெறிமுறைகள். ஃபயர்வால் ஒன்றை விட்டு மற்றதைத் தடுக்கலாம்.

கேள்வி: பாஸ்வேர்டுக்குப் பதிலான நுழைவுச் சாவியை சர்வரில் ஏற்றியும் "பர்மிஷன் டினைடு". யாரோ சொன்னதால் ஹோம் ஃபோல்டருக்கே 777 (யாரும் எழுதலாம் என்ற அனுமதி) கொடுத்துவிட்டேன்.

பதில்: இப்போது கட்டாயம் திறக்காது. ஹோம், எஸ்எஸ்எச் ஃபோல்டர், அனுமதித்த சாவிகள் இருக்கும் ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பு, இவற்றில் எதிலாவது மற்றவர்கள் எழுத முடிந்தால் சர்வர் சாவியையே நம்பாது. ஹோமுக்கு 755, ஃபோல்டருக்கு 700, கோப்புக்கு 600. அப்புறமும் அடம்பிடித்தால் சர்வர் பக்கத்து லாகை (பதிவுக் கோப்பை) பாருங்கள். டெபியன் வகையில் ஆத் லாக், ரெட் ஹேட் வகையில் செக்யூர். உண்மைக் காரணம் அங்கேதான் இருக்கும். கிளையன்டிடம் அதைச் சொல்ல மாட்டார்கள். திருத்தி முடிக்கும்வரை ஏற்கெனவே திறந்திருக்கும் செஷனை (இணைப்பை) மூடாதீர்கள்.

கேள்வி: எனக்கும் ரெஃப்யூஸ்டு.

பதில்: முதல் பதில்.

கேள்வி: சென்ட்ஓஎஸ் 6 சர்வர் நேற்றுவரை ஏறியது. லேப்டாப்பை அப்டேட் செய்ததும் "நோ மேட்சிங் ஹோஸ்ட் கீ டைப்".

பதில்: ஹோஸ்ட் கீ என்பது சர்வரின் அடையாளச் சாவி. 2021இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8, அதில் எஸ்எச்ஏ-1 என்ற பழைய முறை வைத்த ஆர்எஸ்ஏ கையொப்பத்தை இயல்பாக நிறுத்திவிட்டது. லேப்டாப்பின் எஸ்எஸ்எச் கான்ஃபிக்கில் அந்த ஒரு ஹோஸ்டுக்கு (சர்வருக்கு) மட்டும் அதை அனுமதியுங்கள், எல்லாவற்றுக்கும் வேண்டாம். அந்த சர்வருக்கு விடை கொடுக்கும் காலமும் வந்துவிட்டது.

கேள்வி: பாதுகாப்புக்கு போர்ட்டை 2222 ஆக்கலாமா?

பதில்: லாகில் குப்பை குறையும், பாதுகாப்பு அதிகரிக்காது. 1024க்குக் கீழே உள்ள போர்ட்டை ரூட் (நிர்வாகிக் கணக்கு) மட்டும்தான் திறக்கலாம். 2222ஐ, சர்வர் விழுந்த நேரத்தில் எந்தச் சாதாரணப் பயனரும் பிடித்துக்கொண்டு போலி சர்வர் ஓட்டலாம்.

இன்னொருவர்: ஹோஸ்ட் கீ மாறினால் எச்சரிக்கை வருமே? சும்மா பயமுறுத்துகிறீர்கள்.

பதில்: வரும். வந்ததும் நோன் ஹோஸ்ட்ஸில் (தெரிந்த சர்வர் சாவிகளின் கோப்பு) அந்த வரியை அழித்துவிட்டு மறுபடி நுழையாதவர் இங்கே எத்தனை பேர்?

இன்னொருவர்: அது ஆளின் தப்பு, போர்ட்டின் தப்பு இல்லை.

பதில்: சரி, 1024க்குக் கீழே வேறு எண் வையுங்கள், சண்டை முடிந்தது. பாஸ்வேர்டு நுழைவை நிறுத்தினால் அதைவிடப் பலன் அதிகம்.

கேள்வி: உபுண்டு 24.04இல் போர்ட்டை மாற்றி எஸ்எஸ்எச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தும் 22லேயே நிற்கிறது.

பதில்: அங்கே போர்ட்டைப் பிடித்திருப்பது சிஸ்டம்டியின் (சர்வீஸ்களை நிர்வகிக்கும் நிரல்) எஸ்எஸ்எச் சாக்கெட். டீமன் ரீலோடு கொடுத்து, சாக்கெட்டை ரீஸ்டார்ட் செய்யுங்கள். மறுபடியும் சொல்கிறேன், பழைய செஷன் திறந்தே இருக்கட்டும்.

கேள்வி: ரெஃப்யூஸ்டு என்று வந்தால்?

பதில்: மேலே.