எலி மூளையில் கரும்புள்ளிகள்

கேள்வி: மரபணு பிறக்கும்போதே முடிவாகிவிடுகிறது என்று படித்திருக்கிறேன். ஆனால் புதிதாக ஒன்றைக் கற்கும்போது மூளை செல்களில் மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன என்று ஒரு கட்டுரை சொல்கிறது. இரண்டில் எது சரி?
- கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: இரண்டுமே சரி. டிஎன்ஏவில் எழுதியிருப்பது அப்படியேதான் இருக்கும். அதில் எந்தப் பகுதி எப்போது ஆர்என்ஏவாக நகலெடுக்கப்பட்டுப் புரதமாகிறது என்பது மணிக்கு மணி மாறும்.

ஆய்வுக்கூடத்தில் நான் வருடக்கணக்கில் பார்த்த வேலையே இதுதான். எலி மூளையை மெல்லிசாகச் சீவி, சி-ஃபாஸ் என்ற புரதத்துக்குச் சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைப்போம். அதே பெயருள்ள மரபணு விழித்தால்தான் அந்தப் புரதம் உருவாகும்; அது உள்ள செல்லின் உட்கரு கரும்புள்ளியாகத் தெரியும். ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் அந்தச் செல்லை ஏதோ ஒன்று நன்றாக உலுக்கியிருக்கிறது என்று அர்த்தம்.

இந்த வேலையில் பெரிய தொல்லை, ஒன்றுமே அனுபவிக்காத எலி ஒன்றை ஒப்பிடுவதற்குத் தயார் செய்வது! கூண்டை அடுத்த அறைக்குத் தூக்கிக்கொண்டு போனாலே புள்ளிகள் முளைத்துவிடும். அதனால் சோதனைக்கு முன்பு தினமும் எலியைக் கையில் எடுத்துப் பழக்குவோம். பழகப் பழகப் புள்ளிகள் குறையும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இதை வெட்டிவேலை என்பார்கள். என்னைக் கேட்டால், உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது.

மீதிப் பாதியைப் பறவைகள் சொல்லும். கிளாடியோ மெல்லோ என்ற மூளை ஆய்வாளரும் சகாக்களும் 1992-ல் கேனரி, ஜீப்ரா ஃபின்ச் பறவைகளுக்குப் பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். சொந்த இனத்தின் பாட்டைக் கேட்டதும் முன்மூளையில் ஸெங்க் என்ற மரபணு பலமாகக் கிளம்பியது. வேற்றினப் பாட்டுக்கு அவ்வளவு இல்லை. அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டால் என்ன ஆகும் என்று அப்புறம் பார்த்தார்கள். ஸெங்க் அடங்கிவிட்டது. காது கேட்காமல் போய்விடவில்லை, ஏனென்றால் வேறொரு புதுப் பாட்டைப் போட்டதும் மறுபடி கிளம்பியது. ஆக, சத்தம் மட்டும் போதாது, அதில் ஏதாவது புதுசு இருக்க வேண்டும்.

செல்லுக்குள் என்ன நடக்கிறது? நியூரானுக்கு, அதாவது நரம்புச் செல்லுக்கு, பலமான தூண்டல் வந்தால் அதன் சவ்விலுள்ள வாயில்கள் திறந்து கால்சியம் உள்ளே பாயும். அது சில நொதிகளை முடுக்கிவிட, அவை உட்கருவில் உள்ள கிரெப் என்ற புரதத்தில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டும். உடனே சி-ஃபாஸ் மரபணு நகலாகத் தொடங்கும். தேவையான புரதங்களெல்லாம் ஏற்கெனவே தயாராகக் காத்திருப்பதால் சில நிமிடங்களே ஆகும். இப்படி உருவாகும் சி-ஃபாஸ் புரதம் போய் வேறு மரபணுக்களைக் கிளப்பும். ஆர்க் என்ற மரபணுவின் கதை இன்னும் ருசியானது. அதன் ஆர்என்ஏ நகல் உட்கருவிலிருந்து நியூரானின் கிளைகள் வரை பயணம் போய், அடுத்த நியூரானுடன் உள்ள எந்த இணைப்புக்கு வேலை வந்ததோ அதன் பக்கத்தில் தங்கி, அங்கேயே புரதமாகிறது.

இதெல்லாம் நினைவுக்குத் தேவையா, வெறும் பக்கவிளைவா என்று கேட்பீர்கள். பெர்னார்ட் அக்ரானாஃப் என்ற ஆய்வாளர் 1960-களில் தங்கமீன்களுக்கு ஒரு பாடம் பழக்கினார். பழக்கியவுடன் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தை ஊசியில் போட்டால், சில நாள் கழித்து மீனுக்குப் பாடம் மறந்திருக்கும். ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டால் மறக்காது. கற்பது அந்த நேரத்திலேயே நடந்துவிடுகிறது, அதை நிலைக்க வைக்கத்தான் புதுப் புரதம் வேண்டும்.

ஒன்று மட்டும் ஜாக்கிரதை: கரும்புள்ளி தெரிந்தால் அங்கே நினைவு பதிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வலிப்பு வந்தாலும் சி-ஃபாஸ் மூளையில் தாறுமாறாகக் கிளம்பும். அதில் என்ன பாடம் இருக்கிறது?

கேள்வி: இப்படி விழித்த மரபணு என் பிள்ளைக்கும் போகுமா?
- ஓர் இளம் தந்தை

பதில்: போகாது. இது நியூரானுக்குள் நடக்கும் சமாச்சாரம், விந்தணுவுக்கும் கருமுட்டைக்கும் வருவதில்லை. சி-ஃபாஸ் நகலும் கொஞ்ச நேரத்தில் சிதைந்துவிடும். வாய்ப்பாட்டைப் பிள்ளை முதலிலிருந்துதான் படிக்க வேண்டும்.