நாய்க்கு வாங்கிய மருந்து பூனைக்கு ஆகுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு நாயும் ஒரு பூனையும் இருக்கின்றன. இரண்டுக்கும் தெள்ளுப்பூச்சித் தொல்லை. கடை மருந்து வேண்டாம், டீ ட்ரீ எண்ணெயைத் தண்ணீரில் கலந்து தெளியுங்கள், சாப்பாட்டில் பூண்டு சேருங்கள் என்கிறார்கள் தெரிந்தவர்கள். நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தும் பாதி மிச்சம் இருக்கிறது. அதைப் பூனைக்குப் போடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். போடவே போடாதீர்கள், ஒரு சொட்டுகூட வேண்டாம். நாய்களுக்கான சொட்டு மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. நாயின் கல்லீரல் அதைச் சீக்கிரம் சிதைத்துவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. நடுக்கம் வரும், வலிப்பு வரும், உயிரே போகவும் கூடும். நாய்க்குப் போட்ட பிறகு சில நாள் பூனை அதை நக்காமலும் ஒட்டிப் படுக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, இயற்கை வைத்தியம்? பெர்மெத்ரினுக்கு முன்மாதிரியே சாமந்தி இனப் பூ ஒன்றில் கிடைக்கும் பைரெத்ரின்தான். ஆகவே டப்பாவின் முகப்பில் 'இயற்கை', 'மூலிகை' என்று இருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். டீ ட்ரீ எண்ணெய் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். தோலில் பட்டதைப் பிராணி நக்கியும் விழுங்கும். பூனை மட்டுமல்ல, நாயும் தள்ளாடி, நடுங்கி விழுந்திருக்கிறது. தண்ணீரில் கலந்தால் வீரியம் குறையும் என்பதும் தப்புக் கணக்கு. எண்ணெய் தண்ணீரில் கரையாதே! மேலே மிதக்கும் எண்ணெய் ஒரே இடத்தில் மொத்தமாகப் போய் விழும்.

பூண்டும் மோசம்தான். அது சிவப்பணுக்களை உடைக்கும், பூனைக்கு நாயைவிடச் சீக்கிரமாக. பூச்சி ஏற்கெனவே ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்க, மிச்சத்தை நாம் கெடுப்பதா? சோகை தெரிய சில நாள் ஆகும் என்பதால், பூண்டுதான் காரணம் என்று யாருக்கும் தோன்றுவதும் இல்லை. மண்ணெண்ணெய், பூச்சி உருண்டை பக்கமே போக வேண்டாம்.

வீட்டிலேயே செய்யக்கூடியது என்றால் நெருக்கமான பல் உள்ள சீப்பு. வாரி, சிக்கிய பூச்சியைச் சோப்புத் தண்ணீரில் முக்குங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் ஆபத்தில்லை. முட்டைகள் உதிர்ந்து கிடப்பது படுக்கையிலும் தரைவிரிப்பிலும். துணிகளை வெந்நீரில் துவைத்து, தரையை வாக்குவம் கிளீனரால் அடிக்கடி உறிஞ்சி எடுக்காவிட்டால் எந்த மருந்து போட்டாலும் பூச்சி திரும்ப வரும்.

மருந்து வாங்கும்போது எந்தப் பிராணிக்கு, எத்தனை கிலோ எடைக்கு, எத்தனை வாரக் குட்டியிலிருந்து, காலாவதி எப்போது, உள்ளே என்ன மருந்து என்பதைப் படியுங்கள். இவை அச்சிடப்படாத பொட்டலத்தைக் கடையிலேயே விட்டுவிடலாம். முயலும் வளர்த்தால் கூடுதல் கவனம் தேவை: நாய், பூனை இரண்டுக்கும் விற்கும் ஃபிப்ரோனில் முயலுக்கு விஷம்.

ஒருவேளை நாய் மருந்தை ஏற்கெனவே பூனைக்குப் போட்டுவிட்டீர்களா? உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். பூனை தெளிவாக இருந்தால் பாத்திரம் கழுவும் திரவமும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு கழுவிவிட்டுக் கிளம்புங்கள். நடுக்கம் தொடங்கியிருந்தால் கழுவிக்கொண்டு நிற்காமல் நேரே போங்கள். மருந்து அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.