ஓய்வுக்காலப் பணத்தை எம்.பி.பி.எஸ். இடத்துக்குக் கொட்டாதீர்கள்

ராணுவத்தில் ஹவில்தாராக ஓய்வுபெற்று, இப்போது வேலூர் அருகே ஒரு வங்கியில் காவலராக இருக்கும் தந்தை ஒருவர் கவலையோடு எழுதியிருக்கிறார். மகள் நீட் தேர்வில் தகுதி பெற்றிருக்கிறார். ஆனால் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் இல்லை. கம்யூட்டேஷன் பணத்தை (ஓய்வூதியத்தின் ஒரு பகுதிக்கு ஈடாக மொத்தமாகப் பெற்ற தொகை) போட்டு, வீட்டையும் அடமானம் வைத்து, நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடுமாறு மைத்துனர்கள் வற்புறுத்துகிறார்கள். மகள் விரும்புவது நர்சிங். "பட்டாளத்துக்காரர் மகளுக்கு ஊசி போடுகிற வேலையா?" என்று வீட்டில் அந்தப் பேச்சையே முடித்துவிட்டார்களாம்.

ஐயா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் மைத்துனர்களின் யோசனையை நான் திட்டவட்டமாக எதிர்க்கிறேன். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. விடுதி, உணவு, புத்தகச் செலவுகள் தனி. படைவீரர் குடும்பங்களுக்கான எந்த உதவித்தொகையும் அந்தப் பள்ளத்தை நிரப்பாது. முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் மருத்துவ இடம் வாங்கிவிடலாம் என்று சொல்பவர்களிடம், மாநிலம் முழுவதற்கும் அந்த இடங்கள் எத்தனை என்று கேட்டுப் பாருங்கள், மிகச் சிலவே. உங்கள் ஓய்வூதியம் உங்கள் மனைவியின் முதுமைக்கும் உரியது. அதைப் பணயம் வைக்கச் சொல்பவர்கள் கடன் தவணையைக் கட்ட வரமாட்டார்கள்.

பொறியியல், கலை அறிவியல் படிப்புகளைப் பற்றி ஊரே உங்களுக்குச் சொல்லிவிடும். யாரும் சொல்லாத ஒன்றை நான் விரிவாகச் சொல்கிறேன்.

முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய அமைப்பான கேந்திரிய சைனிக் போர்டு வழங்கும் பிரதமர் கல்வி உதவித்தொகை, முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளுக்கும் கணவரை இழந்த மனைவியருக்கும் உரியது. பி.எஸ்சி. நர்சிங்கும் அதில் அடங்கும். 2019-இல் பெண்களுக்கான தொகை மாதம் 2,250 ரூபாயிலிருந்து 3,000 ஆகவும், ஆண்களுக்கு 2,000 ரூபாயிலிருந்து 2,500 ஆகவும் உயர்ந்தது. உங்கள் மகளுக்குக் கிடைத்தால் ஆண்டுக்கு 36,000 ரூபாய், நான்கு ஆண்டுகளில் 1,44,000 ரூபாய். அரசு நர்சிங் கல்லூரியின் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை. தனியார் கல்லூரிக் கட்டணம் ஏறிய வேகத்துக்கு இது போதாது என்பதும் உண்மை. இதை மேலும் உயர்த்தக் கேட்பது படைவீரர் குடும்பங்களின் நியாயமான உரிமை.

நாடு முழுவதும் ஆண்டுக்கு 5,500 பேருக்கு மட்டுமே இது கிடைக்கிறது. அதில் பாதி பெண்களுக்கு. போரில் உயிரிழந்தோர், ஊனமுற்றோர், வீர விருது பெற்றோர் ஆகியோரின் குடும்பங்களுக்கு முன்னுரிமை தந்த பிறகே மற்றவர்களுக்கு மதிப்பெண் வரிசை வருகிறது. எனவே இதை உறுதியான வருமானமாக எழுதி வைக்காதீர்கள். பன்னிரண்டாம் வகுப்பில் குறைந்தது 60 விழுக்காடு வேண்டும். முதலாம் ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். தவறவிட்டால் இரண்டாம் ஆண்டில் கேட்க முடியாது. கல்லூரிக்கும் படிப்புக்கும் முறையான அங்கீகாரம் இருக்கிறதா என்று சேரும் முன்பே பாருங்கள்.

ஹவில்தார் பதவி வரையிலான முன்னாள் படைவீரர்களின் இரண்டு பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரை, பாதுகாப்பு அமைச்சரின் நல நிதியிலிருந்து தரப்படும் மாதாந்திரக் கல்வி உதவி 2025 நவம்பர் முதல் 1,000 ரூபாயிலிருந்து 2,000 ஆக்கப்பட்டிருக்கிறது. இரண்டு உதவிகளும் சேர்ந்து வரும் என்று நீங்களாகக் கணக்குப் போடாமல், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

மகள் எழுதிய நீட் வீணாகவும் இல்லை. புனே, பெங்களூரு உள்ளிட்ட ராணுவ நர்சிங் கல்லூரிகளின் பி.எஸ்சி. சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் தேவை. அங்கு படிப்புச் செலவை அரசே ஏற்கிறது. முடித்தவர்கள் ராணுவ நர்சிங் சேவையில் லெப்டினன்டாகப் பணியில் சேர்கிறார்கள். பணியாற்றுவதாக ஒப்பந்தம் எழுதித் தர வேண்டியிருக்கும் என்பதால், மகள் மனமுவந்து சம்மதித்தால் மட்டுமே விண்ணப்பியுங்கள். உள்ளூரில் படிக்கவே அவர் விரும்பினால், அதுவே முடிவு.

இடைத்தரகருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். உங்கள் டிஸ்சார்ஜ் புக்கையும் (ராணுவத்திலிருந்து விடுபடும்போது தரப்படும் பணி விவரப் புத்தகம்) மகளின் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் எடுத்து, மகளின் பெயர், பிறந்த தேதி, உங்கள் இனிஷியல் ஆகியவை இரண்டிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இந்த வாரமே பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் ராணுவப் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸில் திருத்தி வாங்க மாதக்கணக்கில் ஆகலாம்; உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாள் அதுவரை காத்திருக்காது.