முட்டையை விடுங்கள், பல்செட் எங்கே?

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது, 60 கிலோ, சர்க்கரை உண்டு. வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து, ஆபரேஷன் முடிந்து ஆறு நாள் ஆகிறது. ஆஸ்பத்திரியில் முட்டை, கோழியை நிறுத்திவிட்டார்கள். சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று சுண்டல், சோயா, பயறு தருகிறார்கள். தாவரப் புரதம் முழுமையில்லாதது, சோயா ஆண்களுக்கு ஆகாது என்று நெட்டில் படித்தேன். பருப்பு சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்கிறார் அத்தை. பல்செட் வீட்டில் இருப்பதால் அப்பா சுண்டலைத் தொடுவதே இல்லை. நானே புரோட்டீன் பவுடர் வாங்கிக் கொடுக்கிறேன். புண் ஆறுமா?

பதில்: பல்செட்டை இன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிதான் என்னை உறுத்துகிறது. எந்தப் புரதமாக இருந்தாலும் வயிற்றுக்குள் போனால்தான் கணக்கு. படுக்கையில் கிடக்கும் முதியவரின் தட்டு பாதிக்கு மேல் மீந்து திரும்புகிறது, அதுவும் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து என்றால், காய்ச்சலைச் சொல்வதுபோல அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். யாரும் சொல்வதில்லை. தட்டை எடுத்துப் போகிறவர் ஒருவர், ரவுண்ட்ஸ் வருகிறவர் வேறொருவர். நடுவில் நோயாளியின் தொடைச் சதை கரைந்துகொண்டிருக்கும். அப்புறம் எலும்பு கூடினாலும் எழுந்து நிற்கத் தெம்பு இருக்காது. புண்ணும் மெதுவாகத்தான் ஆறும்.

அப்பாவுக்கு இப்போது ஒரு நாளைக்குச் சுமார் 72 முதல் 90 கிராம் புரதம் தேவை. சிறுநீரகம் சரியாக இருந்தால். ஒரு முட்டையில் 6 கிராம். 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் செய்த சுண்டலில் 9 கிராம். 30 கிராம் சோயா உருண்டையில் 15 கிராம். ஆக, முட்டை போனதால் குடி முழுகிவிடவில்லை. 'முழுமையில்லாத புரதம்' என்ற பயமும் வேண்டாம். அரிசியில் குறைவது பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவது அரிசியில் இருக்கிறது. நம் பாட்டிமார் பொங்கல் கிண்டியபோது இந்தக் கணக்கெல்லாம் போடவில்லை, ஆனால் சரியாகத்தான் கிண்டினார்கள்.

சோயா சாப்பிட்டால் ஆண்மை போகாது. பருப்பால் சீழ் வைக்காது. சீழுக்குக் காரணம் கிருமி, அதற்குத் துணை கட்டுப்படாத சர்க்கரை. அத்தையிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள், பத்தியத்தை மட்டும் கேட்காதீர்கள்.

ஆஸ்பத்திரியைப் பற்றிய உங்கள் சந்தேகத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நியூயார்க் நகரின் 11 பொது மருத்துவமனைகளில் 2022 முதல் தாவர உணவைத்தான் முதலில் நீட்டுகிறார்கள். இறைச்சி கேட்டால் அதுவும் உண்டு, தடை கிடையாது. 2023இல் உணவு சார்ந்த கரிம வெளியீடு 36 சதவீதம் குறைந்தது என்று அந்த நிர்வாகம் சொன்னது. அங்கே அது பொருந்தும், ஏனென்றால் தட்டு நிறைய இறைச்சி இருந்த ஊர் அது. நம் வார்டு தட்டில் என்ன இருக்கிறது? மலைபோல் சோறு, தண்ணீராய் ஒரு கரண்டி சாம்பார். அந்தச் சாம்பாரில் 2 கிராம் புரதம் தேறினால் அதிகம். மாட்டிறைச்சியோடு ஒப்பிட்டால் முட்டையால் பூமிக்கு வரும் கேடு மிகக் குறைவு. அந்த ஒற்றை முட்டையை எடுப்பதென்றால் அதற்கு ஈடாகப் பயறோ சோயாவோ தட்டில் உண்மையாகவே விழ வேண்டும், மெனு பலகையில் எழுதியிருந்தால் போதாது.

அதனால் டயட்டீஷியனைப் பார்த்து ஒரே கேள்வி கேளுங்கள்: 'அப்பாவுக்கு இன்றைக்கு எத்தனை கிராம் புரதம் போகிறது?' பதில் வராவிட்டால் விடாதீர்கள். பல்செட் பொருந்தாமல் ஆடினால், அதே கடலையை மசித்துக் கேளுங்கள். கெட்டியான பாசிப்பருப்புக் கஞ்சி, பயறு அரைத்த தோசை, தயிர் எல்லாம் அதிகம் மெல்லத் தேவையில்லாதவை. அவருக்கு முட்டைதான் இறங்கும் என்றால் கேட்டு வாங்குங்கள், அதில் வெட்கம் என்ன? வாயு வருகிறது என்றால் ஒரு வேளை அளவைக் குறைத்து, இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். வயிறு உப்பினால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக அந்தப் பவுடர். சர்க்கரை உள்ளவருக்கு, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்த அளவு) எவ்வளவு என்று தெரியாமல், கடைக்காரர் எடுத்துக் கொடுத்த டப்பாவை எந்தத் தைரியத்தில் கரைத்துக் கொடுக்கிறீர்கள்? இனிப்பு சேர்த்த டப்பாக்கள் நிறைய உண்டு. சுகர் ஏறும், காரணம் புரியாமல் இன்சுலினைக் கூட்டுவார்கள், நீங்கள் டப்பாவை நிறுத்தும் நாளில் சுகர் தடாலென்று இறங்கும். இப்போதே நிறுத்துங்கள். ஆனால் டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள். இன்றைக்கே டியூட்டி டாக்டரிடம் அதைக் காட்டி, எத்தனை நாளாக எத்தனை கரண்டி போனது என்று சொல்லிவிடுங்கள். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள்.