சிங்கப்பூர் சம்பளம்: 68-ஆல் பெருக்குவதற்கு முன்னால் கேட்க வேண்டியவை

சிங்கப்பூரில் ஒரு நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் பல வருடங்களாக இருக்கிறேன். ஊரில் இருந்து புதிதாக வருபவர்களின் ஆஃபர் லெட்டரும் முதல் மாதச் சம்பளச் சீட்டும் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். வேலைக்காக இங்கே வர யோசிப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை. கணக்கு எல்லாவற்றுக்கும் ஒரு வெள்ளி 68 ரூபாய் என்று வைத்திருக்கிறேன், நீங்கள் படிக்கும் நாளில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். (இங்கே டாலரை வெள்ளி என்றுதான் சொல்வோம்.)

கேள்வி: அண்ணா, வயது 31, சென்னையில் ஐ.டி., வருட சி.டி.சி. (கம்பெனி கணக்கில் மொத்தச் சம்பளம்) 18 லட்சம். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, 35,000 சம்பளம். நான்கு வயதில் பையன். சிங்கப்பூரில் 7,500 வெள்ளி தருகிறார்கள், எம்ப்ளாய்மென்ட் பாஸ் (உயர்நிலை வேலைகளுக்கான வேலை அனுமதி). மாதம் ஐந்து லட்சம் வருகிறதே என்று வீட்டில் எல்லோரும் துள்ளுகிறார்கள். வரலாமா?

பதில்: ஐந்து லட்சம் வருவது உண்மைதான் தம்பி, ஆனால் அது போகிற வழியையும் பார்த்துவிடுவோம். சென்னையில் உங்கள் கைக்கு 1.2 லட்சத்தை ஒட்டி வரும், மனைவியுடையது 35,000. இதில் மாதம் 60,000 மிச்சம் பிடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அதோடு பி.எஃப்.பில் உங்கள் பங்கும் கம்பெனி பங்குமாக 14,000 சேர்கிறது. அதை யாரும் சேமிப்பாக எண்ணுவதே இல்லை. ஆக 74,000.

இனி இங்கே. செங்காங், உட்லண்ட்ஸ் பக்கம் இரண்டு படுக்கையறை உள்ள வீவக வீடு (ஊரில் ஹவுசிங் போர்டு என்பது மாதிரி) 2,800 வெள்ளி. கரண்ட், தண்ணீர், கேஸ் 200, போனும் இன்டர்நெட்டும் 80, மளிகை காய்கறி 700, வெளியே சாப்பாடு 300, பஸ் ரயில் 250. பையனுக்கு முழுநாள் பாலர் பள்ளி 1,200, ஏனென்றால் அரசாங்க மானியம் குடிமக்களின் பிள்ளைகளுக்குத்தான். மருத்துவம் 150, வருடம் ஒருமுறை ஊருக்குப் போக எடுத்துவைப்பது 200. வரி மாதக் கணக்கில் 300-ஐ ஒட்டி வரும். கூட்டினால் 6,180. மிஞ்சுவது 1,300 சொச்சம், அதாவது 89,000 ரூபாய்.

வித்தியாசம் 15,000 ரூபாய். இதற்காக மனைவி வேலையை விட வேண்டும், அப்பா அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் விமானம் ஏற வேண்டும். பிள்ளை படிப்பு, இங்கத்திய அனுபவம், அடுத்த வேலைக்கு ஏறும் சம்பளம் இதற்கெல்லாம் மதிப்பு உண்டு, அதைப் பார்த்து வந்தால் வாருங்கள். சேமிப்புக்காக மட்டும் என்றால் 9,000-க்குக் கீழே நான் வர மாட்டேன்.

இன்னொரு விஷயம். இந்த பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஜனவரி முதல் 5,600 என்று போட்டிருப்பதைப் பார்த்து, 7,500 தாராளம் என்று நினைக்காதீர்கள். 5,600 என்பது 23 வயதுக்காரருக்கு. வயது ஏற ஏற அந்த வரம்பும் ஏறி, 45 வயதில் 10,700 ஆகிறது. 31 வயதுக்கு அது 7,400-ஐத் தாண்டிவிடும். அதாவது உங்களுக்குக் கொடுத்திருப்பது சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டிய தொகைக்கு ஒரு நூல் மேலே. இரண்டு வருடம் கழித்துப் புதுப்பிக்கும்போது இந்த வரம்புப்படியே உங்கள் வயதுக்கு 8,000-ஐ ஒட்டிக் கேட்பார்கள், கம்பெனி ஏற்றிக் கொடுக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பேரம் பேசும்போது இதைச் சொல்லியே பேசுங்கள்.

கேள்வி: திருச்சியில் டெக்னீஷியனாக இருக்கிறேன், வயது 24, கல்யாணம் ஆகவில்லை. எஸ் பாஸில் (இடைநிலை வேலைகளுக்கான வேலை அனுமதி) 3,500 வெள்ளி. ஐ.டி. நண்பர்கள் இதெல்லாம் ஒரு சம்பளமா என்கிறார்கள்.

பதில்: நண்பர்களை விடுங்கள். தனியறை 950, சாப்பாடு 450, பஸ் ரயில் 120, போன் 25, கைச்செலவு 250, வரி மாதத்துக்கு 50 சொச்சம். 1,850-க்குள் அடங்கிவிடும். மிச்சம் 1,650, ஊர்ப் பணத்தில் 1.12 லட்சம். மேலே 7,500 வாங்குகிற குடும்பஸ்தரைவிட மாதக் கடைசியில் உங்கள் கையில் அதிகம் இருக்கும். அறையை இன்னொருவரோடு பகிர்ந்தால் இன்னும் 300 மிஞ்சும். கோப்பிக்கடைச் சாப்பாடு ஐந்து ஆறு வெள்ளியில் முடியும், தினமும் மூன்று வேளை அதையே சாப்பிட்டால் வயிறு என்ன சொல்லும் என்பது வேறு கதை.

கேள்வி: எனக்கு 28 வயது, போன மாதம்தான் கல்யாணம். பெங்களூரில் 32 லட்சம், சிங்கப்பூரில் எஸ் பாஸில் 5,800 வெள்ளி, இரண்டும் கையில் இருக்கிறது. எது?

பதில்: பெங்களூர். யோசிக்கவே வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். மனைவியை டிபெண்டன்ட் பாஸில் (குடும்பத்தார் உடன் தங்குவதற்கான அனுமதி) கூட்டிவர உங்கள் நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும். 5,800 என்றால் அவர் ஊரில், நீங்கள் இங்கே. நிலையான சம்பளம் என்பதில் ஓ.டி., மாதத்துக்கு மாதம் மாறும் படி எதுவும் சேராது, ஆகவே 'அலவன்ஸ் சேர்த்தால் 6,300 வருமே' என்று எச்.ஆர். சொன்னால் நம்பிவிடாதீர்கள். 32 லட்சத்தில் வரி, பி.எஃப். போக மாதம் 1.95 லட்சம் போலக் கைக்கு வரும், வாடகை 35,000 கொடுத்தாலும் இருவர் வாழ்ந்து லட்சம் மிச்சம் பிடிக்கலாம். பெங்களூரில் வீட்டு அட்வான்ஸ்தான் கண்ணைக் கட்டும், அதற்கு மட்டும் முன்கூட்டியே பணம் புரட்டி வையுங்கள். சிங்கப்பூர்தான் வேண்டும் என்று மனைவியும் சொன்னால், அந்த 200 வெள்ளியை அடிப்படைச் சம்பளத்தில் ஏற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். கம்பெனிக்கு அது பெரிய தொகையே இல்லை, உங்களுக்குக் குடும்பமே அதில் இருக்கிறது.

கேள்வி: சார், டிபெண்டன்ட் பாஸில் வந்தால் நான் அங்கே வேலை பார்க்க முடியுமா? மதுரையில் வங்கியில் இருக்கிறேன், கணவர் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்.

பதில்: வந்து பார்த்துக்கொள்ளலாம் என்பது பழைய காலம் மேடம். முன்பெல்லாம் ஒரு அனுமதிக் கடிதம் வாங்கினால் போதும். 2021 மே முதல், வேலை பார்க்க வேண்டும் என்றால் உங்கள் பெயரிலேயே தனியாக வேலை பாஸ் எடுக்க வேண்டும், அதற்குரிய சம்பள வரம்பு உங்களுக்கும் பொருந்தும். வங்கி வேலையை ராஜினாமா செய்யாமல், சம்பளமில்லாத விடுப்பு கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். குடும்பக் கணக்குப் போடும்போது நின்றுபோகும் உங்கள் சம்பளத்தைச் செலவுப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள் கணவரை.

கேள்வி: அங்கே பி.எஃப். இல்லையா? சி.பி.எஃப். என்று ஒன்று கேள்விப்பட்டேனே, 37 சதவீதமாமே?

பதில்: 55 வயது வரை தொழிலாளி 20, முதலாளி 17, ஆக 37 சரிதான். ஆனால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். பாஸில் இருப்பவருக்கு ஒரு காசு கிடையாது. கிராஜுவிட்டியும் கிடையாது. 13-ஆவது மாதச் சம்பளம் பல கம்பெனிகளில் வழக்கம், சட்டம் அல்ல, அதனால் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. முதல் வருடம் சட்டப்படி விடுப்பு ஏழே நாள்தான், நல்ல கம்பெனிகள் 14, 18 என்று கொடுக்கும். அதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: முதல் மாதம் கையில் எவ்வளவு கொண்டுவர வேண்டும்? அறை எடுப்பதில் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: வீடு எடுக்கிறவர் என்றால் முதல் மாத வாடகை, அதோடு டெபாசிட். ஒரு வருட ஒப்பந்தத்துக்கு ஒரு மாதம், இரண்டு வருடத்துக்கு இரண்டு மாதம் என்பது வழக்கம். முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 0.4 சதவீதம், 2,800 வீதம் இரண்டு வருடத்துக்கு 269 வெள்ளி. ஏஜென்ட் கமிஷன் தனி. எல்லாம் சேர்த்து 9,000 வெள்ளிக்குமேல் ஓடிவிடும், ஆறு லட்சத்துக்கு மேல். சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும் என்பதை மறக்காதீர்கள். முதல் மாதத் தங்குமிடத்தைக் கம்பெனியே ஏற்கச் சொல்லிக் கேட்பது தப்பே இல்லை, கேட்டவர்கள் பலருக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் வேலை போனால் வெளியேற அனுமதிக்கும் ஷரத்து இருக்கிறதா பாருங்கள், டிப்ளமாட்டிக் கிளாஸ் என்பார்கள். இல்லையென்றால் நீங்கள் ஊருக்குப் போன பிறகும் வாடகை உங்கள் தலையில். ஏ.சி. சர்வீஸ் யார் செலவு என்பதும் அதில்தான் இருக்கும்.

தனியறை தேடுகிறவர்கள் விளம்பரத்தில் 'லைட் குக்கிங்' என்று போட்டிருந்தால் உஷாராக இருங்கள். நூடுல்ஸ் வேகவைக்கலாம், முட்டை அவிக்கலாம், அவ்வளவுதான். கடுகு வெடித்துக் கறிவேப்பிலை போட்டுக் காய்ந்த மிளகாய் கிள்ளிப்போட்ட அடுத்த நிமிடம் வீட்டுக்காரம்மா இருமிக்கொண்டே சமையலறை வாசலில் நிற்பார். சமைக்க முடியாவிட்டால் மாதம் 150 வெள்ளியாவது கூடுதலாகச் சாப்பாட்டுக்கே போகும், 100 வெள்ளி குறைந்த வாடகை என்று எடுத்த அறை கடைசியில் நஷ்டம். இந்தியர்களுக்கு அறை இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்பவர்களும் உண்டு. கோபம் வரும், நேரத்தை வீணாக்காமல் அடுத்த வீட்டைப் பாருங்கள்.

கேள்வி: எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூரில் வீடு எடுத்துத் தினமும் வந்து போகலாமா? பாதி வாடகையாமே.

பதில்: மலேசியர்கள் அப்படித்தான் செய்கிறார்கள், அவர்கள் நாடு. உங்களுக்குச் சுற்றுலாவாகப் போய் வரத்தான் அனுமதி, அங்கே குடியிருக்க அல்ல. சனிக்கிழமை போய் மளிகை வாங்கி, முடிவெட்டிக்கொண்டு வாருங்கள், அது போதும்.

கேள்வி: அண்ணே, புதுக்கோட்டை பக்கம். வொர்க் பெர்மிட், கட்டுமான வேலை, நாள் சம்பளம் 20 வெள்ளி. ஏஜென்ட் மூன்றரை லட்சம் கேட்கிறார். கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும், மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி. ஓ.டி. நிறைய உண்டு என்கிறார்.

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும் தம்பி. 26 நாளுக்கு 520 வெள்ளி. ஓ.டி.க்கு ஒன்றரை மடங்கு, மணிக்கு நான்கு வெள்ளி சொச்சம், பொதுவாகச் சட்டம் அனுமதிப்பது மாதம் 72 மணி நேரம். அத்தனையும் கிடைத்தால் ஏறக்குறைய 815 வெள்ளி. கேட்டரிங் சாப்பாடு, போன், சோப்பு சீப்பு எல்லாம் 235. ஊருக்கு அனுப்ப 580, அதாவது 39,000. அதில் வட்டி மட்டும் 10,500. மிச்சத்தில் அசலை அடைக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும், அதுவும் வீட்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல். பெர்மிட் பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குத்தான். ஓ.டி. இல்லாத மாதம் வந்தால் இந்தக் கணக்கும் கிடையாது.

இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். சிங்கப்பூர் ஏஜென்சி வாங்குவதற்கும் உச்சவரம்பு இரண்டு மாதச் சம்பளம். வேலை கொடுப்பதற்காக முதலாளி பணம் வாங்குவது இங்கே குற்றம். லெவி (வெளிநாட்டுத் தொழிலாளிக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் தீர்வை) முதலாளி கட்ட வேண்டியது, உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பாருங்கள். பணம் கட்டும் முன் ஐ.பி.ஏ. கடிதத்தை (பெர்மிட்டுக்குச் சிங்கப்பூர் அரசாங்கம் தரும் முதற்கட்ட ஒப்புதல்) கேளுங்கள், தமிழில் பிரதி உண்டு, அதில் அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம் எல்லாம் தனித்தனியாக இருக்கும். வாயால் சொன்னதும் அதில் எழுதியதும் ஒன்றாக இல்லையென்றால் கிளம்பாதீர்கள். மூன்றரை லட்சத்துக்கு இந்த வேலை தேறாது.

கேள்வி: இங்கே வரி எப்படி? இந்தியாவிலும் கட்ட வேண்டுமா?

பதில்: இங்கே மாதா மாதம் வரி பிடிக்க மாட்டார்கள். புதிதாக வந்தவர்கள் முழுச் சம்பளத்தையும் பார்த்து மகிழ்ந்து செலவழித்துவிட்டு, அடுத்த வருடம் பில் வரும்போது முழிப்பார்கள். 12 தவணையாக வட்டியில்லாமல் கட்டலாம். வேலையை விட்டு ஊருக்குக் கிளம்பினால், வரிக்கணக்கு முடியும்வரை கடைசிச் சம்பளத்தைக் கம்பெனி நிறுத்திவைக்கும், அதை நம்பி விமானச் சீட்டு வாங்காதீர்கள்.

இந்தியாவில், நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக அங்கே இருந்திருந்தால் என்.ஆர்.ஐ. ஏப்ரல் முதல் ஊரிலேயே இருந்தவர் செப்டம்பர் 28-க்குள் கிளம்பினால் 181 நாள், தப்பித்தார். அக்டோபரில் கிளம்பினால் மார்ச் வரை வாங்கும் சிங்கப்பூர் சம்பளத்தையும் இந்தியாவில் காட்ட வேண்டும், இங்கே கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் இந்திய வரி அதிகம் என்பதால் மிச்சத்தை அங்கே கட்ட நேரும். சேருகிற தேதியை ஒரு வாரம் முன்னே தள்ள முடிந்தால் தள்ளுங்கள். வந்தபின் ஊரில் உள்ள சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ.வாக (என்.ஆர்.ஐ.யின் இந்திய வருமானத்துக்கான கணக்கு) மாற்றி, இங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு திறங்கள், அதன் வட்டிக்கு அங்கே வரி இல்லை. பழைய பி.பி.எஃப். முதிரும்வரை ஓடலாம், நீட்டிக்க முடியாது.

கேள்வி: கார் வாங்கலாமா?

பதில்: பத்து வருடம் கார் வைத்துக்கொள்ளும் உரிமைச் சீட்டே லட்சம் வெள்ளியைத் தாண்டிப் போயிருக்கிறது. காருக்குப் பணம் தனி. பஸ் நன்றாக இருக்கும், ஏ.சி. உண்டு.